அறியாது இழைத்த தீங்கு: சத்திரசிகிச்சைத் தொற்றும் அறப்பொறுப்பும்

நன்மை செய்யவேண்டும் என்னும் நோக்கத்துடன் நீட்டப்பட்ட கையே உயிரைப் பறிக்கும் கருவியாக அமைந்துவிடுமாயின், அக்கைக்கு உரியவர் குற்றவாளியா? பொய்யனையும் வஞ்சகனையும் பற்றி விரிவாக ஆராயும் ஒழுக்கவியலாளர் இவ்வினாவின் பக்கம் அத்துணை விருப்போடு வருவதில்லை. பொய்யன் தான் உரைப்பது பொய்யென அறிவான். வஞ்சகன் தன் வஞ்சத்தை அறிவான். அறிவும் நோக்கமும் செயலும் ஒருங்கே அமைந்த இடத்தில் தீர்ப்பு எளிதாகின்றது. நோக்கம் தூயதாகவும், செயல் கொடியதாகவும், அறிவு இல்லாததாகவும் உள்ள இடத்திலேயே ஒழுக்கவியல் தடுமாறுகின்றது. அத்தகைய இடமொன்றைச் சத்திரசிகிச்சையின் வரலாறு காட்டுகின்றது.

சத்திரசிகிச்சை அடிப்படையில் ஒரு முரண்பாடாகும். குணப்படுத்துவதற்காக வைத்தியர் முதலிற் காயப்படுத்துகிறார். உடலைப் புறவுலகினின்றும் காத்துநிற்கும் தோலினை அவர் வெட்டித் திறந்த கணத்திலிருந்து, கத்தி சென்ற வழியே கிருமியும் செல்லலாம். 1846இல் பொஸ்ரன் நகரில் ஈதர் மயக்கத்தில் வலியின்றிச் சத்திரசிகிச்சை செய்து காட்டப்பட்டதன் பின்னர், அதுவரை எவரும் துணியாத சிகிச்சைகளுக்கும் வைத்தியர் துணிந்தனர். வலி நீங்கியது; சீழ் நீங்கவில்லை. சீழ் பிடித்தலைக் காயம் ஆறுவதன் நல்லறிகுறியாகக் கொண்டு வரவேற்ற மரபும் ஐரோப்பாவில் நெடுங்காலம் நிலவியது. இரத்தமும் சீழும் உலர்ந்து விறைத்த மேலங்கியுடன் வைத்தியர் ஒரு கட்டிலிலிருந்து மறுகட்டிலுக்குச் சென்றனர். அவ்வங்கியின் கறை அவர்தம் அனுபவத்தின் சான்றாக மதிக்கப்பட்டதேயன்றி எவரையும் அருவருக்கச் செய்யவில்லை.

இவர்களைக் கொடியவர் என்று கூறலாமா? கூறவியலாது என்பதே பொதுவான விடையாகும். அறியாதவனைப் பழிப்பது நியாயமன்று. ஆயின் இவ்விடை எவ்வளவு தூரம் செல்லும் என்பதை அறிய வியன்னா நகரின் மகப்பேற்று மனைக்குச் செல்லவேண்டும். மகப்பேறு சத்திரசிகிச்சையன்று எனச் சிலர் தடை கூறலாம். மகவு பிரிந்த கருப்பை ஒரு திறந்த புண்ணே என்பதும், அப்புண்ணில் நேர்ந்தது சத்திரசிகிச்சைப் புண்ணில் நேர்ந்ததே என்பதும் அத்தடைக்கு விடையாகும்.

வியன்னாப் பொது வைத்தியசாலையின் மகப்பேற்று மனையில் இரு பிரிவுகள் இருந்தன. முதலாம் பிரிவில் மருத்துவ மாணவரும் இரண்டாம் பிரிவில் மருத்துவிச்சிகளும் பயிற்சி பெற்றனர். எப்பிரிவிற் சேர்வது என்பதை நோயோ வறுமையோ தீர்மானிக்கவில்லை. வந்து சேர்ந்த நாளே தீர்மானித்தது. 1846ஆம் ஆண்டில் முதலாம் பிரிவில் நூற்றுக்கு 11.4 தாய்மாரும் இரண்டாம் பிரிவில் நூற்றுக்கு 2.8 தாய்மாரும் இறந்தனர். நகரப் பெண்கள் இவ்வேறுபாட்டைக் கணிதமின்றியே அறிந்திருந்தனர். முதலாம் பிரிவிற் சேர்க்கவேண்டாமென அவர்கள் கெஞ்சி அழுதனர். வீதியிற் பிள்ளை பெற்று வந்தவர்களுக்குக்கூட அக்காய்ச்சல் அத்துணை வரவில்லை. இவ்விடத்து ஒன்றைக் குறிப்பிடாது செல்லவியலாது. கற்றோர் அறியாதிருந்த உண்மையைக் கல்லாத பெண்கள் அறிந்திருந்தனர். அவர்களுடைய அழுகை மட்டும் அறிவாகக் கணிக்கப்படவில்லை.

1846இல் முதலாம் பிரிவில் உதவியாளராகப் பொறுப்பேற்ற இக்னாஸ் செம்மல்வைஸ் என்னும் ஹங்கேரிய வைத்தியர் இவ்வேறுபாட்டின் காரணத்தைத் தேடினார். 1847 மார்ச்சில் அவருடைய நண்பரான கொலெச்கா என்ற பேராசிரியர், பிணப் பரிசோதனையின்போது மாணவர் ஒருவரின் கத்தி விரலிற்பட்டு, அதன் விளைவாக இறந்தார். அவருடைய உடலிற் கண்ட மாற்றங்கள் இறந்த தாய்மாரின் உடலிற் கண்ட மாற்றங்களை ஒத்திருந்தன. அப்பொழுதே செம்மல்வைசுக்கு உண்மை புலப்பட்டது. மாணவரும் வைத்தியரும் காலையிற் பிண அறையிலிருந்து நேரே மகப்பேற்று மனைக்கு வந்தனர். மருத்துவிச்சிகள் பிணத்தைத் தொடுவதில்லை. அவ்வாண்டு மே மாத நடுப்பகுதியில், பெண்களைத் தொடுமுன்னர் வெளிற்றும் தூள் கரைத்த நீரிற் கைகழுவவேண்டும் என அவர் விதித்தார். ஏப்ரலில் நூற்றுக்கு 18 ஆக இருந்த மரணம் யூனில் நூற்றுக்கு 2 அளவிற்கு வீழ்ந்தது. 1848இல் இரு பிரிவுகளிலும் மரணவீதம் நூற்றுக்கு 1.3 அளவில் ஒத்து நின்றது.

இக்கண்டுபிடிப்பின் கொடுமை அதன் எளிமையிலன்று, அது சுட்டிய விரலிலேயே உள்ளது. கொன்றது காற்றன்று, வானிலையன்று, விதியன்று, வைத்தியரின் கை. அதிலும், இறந்தவர்களின் உடலை ஆராய்ந்து நோயின் காரணத்தை அறியவேண்டும் என எவர் அதிகம் உழைத்தாரோ அவருடைய கையே அதிகம் கொன்றது. சோம்பேறி வைத்தியர் பிண அறைக்குச் செல்லாமையால் அவருடைய கை தூய்மையாக இருந்தது! நாள்தோறும் பிணப் பரிசோதனை செய்த செம்மல்வைஸ், தம்மால் இறந்தோரின் தொகையை இறைவன் ஒருவனே அறிவான் என்ற கருத்துப்பட பிற்காலத்தில் எழுதினார். கடமையுணர்வே தீங்கின் வாயிலாக அமைந்த இந்நிலையை, நல்லெண்ணம் ஒன்றே நிபந்தனையின்றி நல்லது எனக் கொண்ட கான்றின் கோட்பாடு எவ்வாறு எதிர்கொள்ளும்? அவ்வைத்தியரின் எண்ணத்தில் மாசில்லை என அது கூறும். அது உண்மையே. இறந்த தாயின் பிள்ளைக்கு அவ்வுண்மையாற் பயன் யாதுமில்லை.

அரிஸ்ரோட்டில் இவ்விடத்திற் கூடுதலாக உதவுகிறார். அறியாமையால் நிகழ்ந்த செயலை விருப்பமின்றி நிகழ்ந்ததாகக் கொள்வதற்கு அவர் ஒரு நிபந்தனை விதிக்கிறார். உண்மை தெரிந்ததும் செய்தவர் வருந்தவேண்டும். வருந்தாதவரை அவர் வேறொரு வகையிற் சேர்க்கிறார். தாமே வருவித்துக்கொண்ட அறியாமைக்கு, அதாவது கவனமின்மையால் வந்த அறியாமைக்கு, மன்னிப்பில்லை எனவும் அவர் கருதுகிறார். இதன்படி, செயல் நிகழ்ந்த கணத்தை மாத்திரம் நோக்கித் தீர்ப்புக் கூறுதல் போதாது. உண்மை வெளிப்பட்ட கணத்தில் மனிதன் எவ்வாறு நடந்துகொண்டான் என்பதையும் நோக்கவேண்டும்.

தமிழ் மரபுக்கு இச்சிந்தனை புதியதன்று. சிலப்பதிகாரத்துப் பாண்டியன் கோவலனைக் கொல்ல எண்ணிக் கொன்றவனல்லன்; பொற்கொல்லன் சொல்லை நம்பியவன். கண்ணகியின் சிலம்பு உடைந்து மாணிக்கம் தெறித்ததும் அவன் பொற்கொல்லனைக் காட்டித் தப்ப முயலவில்லை. குற்றத்தைத் தன்மேல் ஏற்று அரியணையிலிருந்து வீழ்ந்து இறந்தான். பெரியபுராணம் கூறும் சோழனின் மைந்தனும் தேர்க்காலில் கன்று அகப்பட்டதை முன்னரே அறிந்தானல்லன். இவ்விரு கதைகளும் நோக்கத்தை மாத்திரம் எடைபோடுவதில்லை. இதற்கு மாறாக, உபாலி சுத்தத்திலே புத்தர் உடற்செயலினும் மனச்செயலே வினையில் வலியது என நிகண்டரோடு வாதிடுகிறார். ஆயின் மனத்திற்கு முதன்மை தந்த அதே பௌத்தம் அறியாமையைத் துன்பத்தின் வேர் என்றதேயொழிய, அதனைக் குற்றத்திலிருந்து தப்புவதற்குரிய கதவு என்றதில்லை.

பாண்டியனின் நிலையை ஒத்த ஒருவர் செம்மல்வைசின் காலத்தில் இருந்தார். ஜேர்மனியின் கீல் நகரில் மகப்பேற்று மனைக்குத் தலைவராயிருந்த மிக்கேலிஸ், வியன்னாச் செய்தியைக் கேட்டதும் தம் மனையிலும் குளோரீன் நீரிற் கைகழுவுதலைப் புகுத்தினார். அது பயன் தந்தது. பயன் தந்ததாலேயே, அண்மையில் தாம் பிரசவம் பார்த்த பின்னர் இறந்துபோன நெருங்கிய உறவுப் பெண் தம் கையாலேயே இறந்தாள் என்பது அவருக்கு உறுதியாயிற்று. 1848இல் அவர் புகைவண்டியின் முன் வீழ்ந்து உயிர்நீத்தார்.

மறுகரையில் நின்றவர் பிலடெல்பியாவின் சார்ல்ஸ் மெய்க்ஸ். இக்காய்ச்சலை வைத்தியரே நோயாளருக்குக் கொண்டுசெல்கின்றனர் என 1843இலேயே பொஸ்ரனில் ஒலிவர் வெண்டல் ஹோம்ஸ் எழுதியிருந்தார். அதை ஏற்காத மெய்க்ஸ், வைத்தியர் கனவான்கள் என்றும் கனவான்களின் கைகள் தூய்மையானவை என்றும் பொருள்பட விடையிறுத்தார். இவ்விடையை நகைத்துவிட்டு அப்பாற் செல்வது எளிது. ஆனால் தூய்மையைப் பொருளின் இயல்பாகக் கொள்ளாது ஆளின் தகுதியாகக் கொள்ளும் இம்மனப்பாங்கு பிலடெல்பியாவுக்கு மட்டும் உரியதன்று. மகப்பேற்றைத் துடக்கு என்றும், அத்துடக்கை நீக்க உழைத்த மருத்துவிச்சியையும் சலவைத் தொழிலாளியையும் தீண்டத்தகாதார் என்றும் ஒதுக்கிய சமுதாயம், மெய்க்சின் வாக்கியத்தைத் தன் மொழியில் நெடுங்காலம் கூறிவந்ததேயாகும். வியன்னாவிலோ மருத்துவிச்சியின் கையே பேராசிரியரின் கையினும் தூயதாக இருந்தது.

மிக்கேலிசுக்கும் மெய்க்சுக்கும் அறியாமை பொதுவாக இருந்தது. வேறுபாடு உண்மை வந்து கதவைத் தட்டியபோதே தோன்றியது. எனவே அறியாமை குற்றமாக மாறும் எல்லை அறிவு கிடைத்த நாளன்று. அறிவைக் கேட்க மறுத்த நாளேயாகும். அதேவேளை மிக்கேலிசின் முடிவை அறத்தின் உச்சமாகப் போற்றுவதும் பிழையாகும். அவருடைய வருத்தம் மதிப்புக்குரியது. அவருடைய மரணத்தால், அவர் கைகழுவி வரவேற்றிருக்கக்கூடிய தாய்மார் ஒரு நல்ல வைத்தியரை இழந்தனர். பேர்னாட் வில்லியம்ஸ் என்னும் ஆங்கில மெய்யியலாளர் 1976இல், தன் தவறின்றியே ஒரு குழந்தையை மோதிக் கொன்ற பாரவூர்திச் சாரதியின் வருத்தத்தை எடுத்துக்காட்டி, அது வீதியோரத்தில் நின்று பார்த்தவரின் வருத்தத்திலும் வேறானது என விளக்கினார். அவ்வருத்தம் இல்லாத சாரதியைக் காண மனம் கூசுகின்றது. ஆனால் அச்சாரதி மறுநாள் செய்யவேண்டியது யாது? இவ்வினாவை வருத்தம் தானாகத் தீர்த்து வைப்பதில்லை.

செம்மல்வைசின் மீதும் ஒரு குறை உண்டு. தம் கண்டுபிடிப்பை நூலாக வெளியிட அவர் 1861 வரை காத்திருந்தார். பதினான்கு ஆண்டுகள்! வெளியிட்ட பின்னர் தம்மை ஏற்காத பேராசிரியர்களைக் கொலைகாரர் எனச் சாடும் பகிரங்கக் கடிதங்களை எழுதினார். 1849இல் வியன்னாவில் அவருடைய பதவி நீடிக்கப்படாமை அநீதியே. எனினும் உண்மையைக் கண்டவனுக்கு அதைப் பிறர் ஏற்கும் வண்ணம் கூறும் கடமையும் உண்டல்லவா? உண்மையைக் கூறிவிட்டேன், ஏற்காதது உலகின் குற்றம் என்பது தன் மனச்சாட்சியைக் காக்கும் வழி. தாய்மாரைக் காக்கும் வழியன்று. 1865 ஓகஸ்ட் 13ஆம் திகதி மனநோயாளர் விடுதியொன்றில், காயமொன்றிலிருந்து பரவிய தொற்றினால், 47ஆவது வயதில் அவர் இறந்தார்.

அதற்கு முதல்நாள், அவர் பெயரைக்கூட அறியாத ஜோசப் லிஸ்ரர் கிளாஸ்கோ வைத்தியசாலையில், வண்டிச் சில்லு ஏறிக் கால் எலும்பு முறிந்து தோலைக் கிழித்த 11 வயதுச் சிறுவன் ஒருவனின் புண்ணுக்குக் காபோலிக்கமிலம் தோய்த்த துணியைக் கட்டினார். பதனழிவுக்கு நுண்ணுயிர்களே காரணம் என்ற பாஸ்ரரின் ஆய்வுகளை அவர் படித்திருந்தார். கார்லைல் நகரிற் கழிவுநீரின் நாற்றத்தை நீக்க அவ்வமிலம் பயன்பட்டதையும் அறிந்திருந்தார். கால் வெட்டப்படாமலே சிறுவன் குணமடைந்தான். உறுப்பு வெட்டிய 35 நோயாளருள் முன்னர் 16 பேர் இறந்த நிலை, புதிய முறையின் பின் 40 பேருள் 6 பேர் இறந்த நிலையாக மாறியது. லிஸ்ரரின் கட்டுரைகள் 1867இல் வெளிவந்தன. மானிப்பாயிலிருந்து வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 'இரண வைத்தியம்' என்னும் சத்திரசிகிச்சை நூலைத் தமிழில் வெளியிட்டதும் அவ்வாண்டிலேயாம். லிஸ்ரரின் முறை எட்டாத காலத்து அறிவையே அந்நூல் ஏந்தி வந்திருத்தல் வேண்டும். அதற்காகக் கிறீனின் பணியைக் குறைத்து மதிப்பிட எவரும் முன்வரார்.

அதன்பின் நிகழ்ந்தவற்றை விரித்துரைக்க வேண்டியதில்லை. கருவிகளைக் கொதிநீராவியில் வைத்தலும், முகமூடியும், கையுறையும் வழக்கமாயின. கையுறையின் கதை மட்டும் சிறிது சுவையானது. ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையில் 1889ஆம் ஆண்டளவில் ஹால்ஸ்ரெட் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் இறப்பர்க் கையுறைகளைச் செய்வித்தது நோயாளரைக் காக்கவன்று. கிருமிகொல்லித் திரவத்தாற் கைத்தோல் புண்ணாகி அவதியுற்ற ஒரு தாதியைக் காக்கவே செய்வித்தார். பின்னர் அத்தாதியை மணந்தும் கொண்டார். தீய நோக்கமின்றித் தீமை விளைவது போலவே, அந்நோக்கமின்றி நன்மையும் விளைகின்றது. நோக்கத்தையே அளவுகோலாகக் கொள்வோர் இதனையும் சிந்திக்கவேண்டும்.

இன்று நிலைமை முற்றிலும் வேறானது. கைகழுவாத வைத்தியர் அறியாதவரல்லர். எனினும் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2010இல் வெளியான மதிப்பீடொன்று, கைகழுவ வேண்டிய சந்தர்ப்பங்களில் ஏறத்தாழ நூற்றுக்கு 40இலேயே அது நிகழ்ந்தது எனவும், தாதியரிலும் வைத்தியர் பின்தங்கினர் எனவும் காட்டியது. அறிந்தும் செய்யாமைக்குத் தீயமனம் காரணம் எனக் கூறுவது பொருந்தாது. இங்கு தீங்கு அதன் செய்வோனிடமிருந்து பிரிந்து கிடக்கின்றது. இன்று தொட்ட கையின் விளைவு பல நாள் கழித்துக் காய்ச்சலாகவும் சிவந்த தையலாகவும் தோன்றும். அதற்குள் அந்நோயாளரைப் பத்துக் கைகள் தொட்டிருக்கும். எக்கை என்பதை எவராலும் கூறமுடியாது. தேர்க்காலின் கீழ் கன்று கிடந்தது சோழநாட்டார் கண்ணுக்குத் தெரிந்தது. ஆராய்ச்சி மணியை அடிக்கப் பசு இருந்தது. இங்கோ கன்றும் தேரும் ஒன்றையொன்று காண்பதில்லை.

இதனாற் பாதிக்கப்படுவோர் கணக்கிலுள்ள எண்கள் மட்டுமல்லர். வயிற்றில் வெட்டுண்ட கூலித் தொழிலாளியொருவர் ஒரு வாரத்தில் வீடு திரும்புவதற்குப் பதிலாக ஒரு மாதம் கட்டிலிற் கிடப்பாராயின், அம்மாதத்து அடுப்பு எவ்வாறு எரியும்? சத்திரசிகிச்சை வெற்றி என அவருடைய ஏட்டில் எழுதப்பட்டிருக்கும்.

கிறான்ற், ஹொப்மன் என்னும் இரு ஆய்வாளர் 2011இல் வெளியிட்ட ஆய்வு இங்கு கருதத்தக்கது. கைகழுவும் இடங்களில் அவர்கள் இருவகை அறிவித்தல்களை வைத்தனர். கைத்தூய்மை உங்களை நோயிலிருந்து காக்கும் என்றது ஒன்று. நோயாளரைக் காக்கும் என்றது மற்றொன்று. முதலாவது பயனளிக்கவில்லை, இரண்டாவதே பயனளித்தது. மனிதன் தன்னலத்தாலன்றி அசையான் என்போருக்கு இம்முடிவு ஏமாற்றம் தரும். தனக்கு நோய் வராது என்ற நம்பிக்கை வைத்தியருக்கு உண்டு. தன் நோயாளரைப் பற்றி அத்தகைய நம்பிக்கை அவருக்கில்லை. அறவுணர்வு இறந்துவிடவில்லை, மறந்திருக்கின்றது என்றே கொள்ளவேண்டும்.

மறதிக்கு மருந்து நினைவூட்டலாகும். உலக சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்ட சத்திரசிகிச்சைச் சரிபார்ப்புப் பட்டியல் 19 விடயங்களைக் கொண்டது. வெட்டுமுன் அறையிலுள்ளோர் தம் பெயரையும் பணியையும் கூறவேண்டும். தொற்றைத் தடுக்கும் மருந்து உரிய நேரத்திற் கொடுக்கப்பட்டதா எனக் கேட்கப்படவேண்டும். எட்டு நகரங்களில் இது பரீட்சிக்கப்பட்டபோது காயத்தொற்று நூற்றுக்கு 6.2இலிருந்து 3.4ஆகவும், மரணம் 1.5இலிருந்து 0.8ஆகவும் குறைந்ததாக 2009இல் அறிவிக்கப்பட்டது. அறம் பட்டியலாகச் சுருங்கிவிட்டதே எனச் சிலர் முகஞ்சுளிக்கலாம். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் 101 வைத்தியசாலைகளில் அதே பட்டியல் கட்டாயமாக்கப்பட்டபோது குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் ஏற்படவில்லை என 2014இல் வெளியான ஆய்வு கூறுகின்றது. ஒரே தாள், ஓரிடத்திற் பயன், ஓரிடத்திற் பயனின்மை. கேள்வியைக் கேட்பதற்கும் கட்டத்தில் அடையாளமிடுவதற்கும் இடையேயுள்ள தூரம் இதனால் விளங்கும். பட்டியல் மனச்சாட்சியின் இடத்தைப் பிடித்துக்கொள்ளவில்லை. மனச்சாட்சி பேசுவதற்கு ஒரு நேரத்தையும் இடத்தையும் ஒதுக்கிக் கொடுத்தது, அவ்வளவே. பேசாதவரை அது பேசவைக்கமாட்டாது.

மனச்சாட்சியே தவறான வழியிற் பேசும் சந்தர்ப்பமும் உண்டு. தொற்றுத் தடுப்பு மருந்து வெட்டுமுன் உடலிற் சேர்ந்திருத்தல் வேண்டும் என்பதையும், சில மணிநேரம் தாமதித்தால் அது பயன்படாது என்பதையும் 1961இல் ஜோன் பேர்க் விலங்குகளிற் காட்டினார். சிகிச்சை முடிந்தபின் தடுப்புக்காக அதனைத் தொடரவேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2016ஆம் ஆண்டு அறிவுரை. எனினும் எதற்கும் இருக்கட்டும் என்று ஐந்து நாளுக்கு எழுதிக் கொடுக்கும் வைத்தியர் தம் நோயாளர் மீது அக்கறை கொண்டவராகவே தம்மைக் கருதுகிறார். அம்மருந்துக்குப் பழகிப்போன கிருமி, அவர் ஒருபோதும் காணாத வேறொரு நோயாளரின் காயத்திற் குடியேறும். கண்முன் உள்ளவரிடம் காட்டும் பரிவு கண்காணாதவர்க்குத் தீங்காகும்போது, பரிவையே அறத்தின் அடிப்படையாகக் கொள்வது எங்ஙனம்? வியன்னாவின் பிண அறைக்குச் சென்ற உழைப்பாளிகளின் நிலையே மீண்டும் தோன்றுகின்றது. ஒரே வேறுபாடு, இம்முறை எவரும் அறியாதவரல்லர்.

தொற்று நேர்ந்ததும் ஒருவரைத் தேடித் தண்டிக்கும் வழக்கம் நிலவுமாயின் தொற்று மறைக்கப்படும். ஏடுகள் தூய்மையாகும், காயங்கள் ஆகமாட்டா. ஒருவரும் குற்றவாளியல்லர், அமைப்பே குற்றவாளி எனக் கூறுவோமாயின், அமைப்பிடம் சென்று ஏன் என்று கேட்க நோயாளருக்கு முகவரி இல்லை. இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு வழியை அமெரிக்காவின் பீற்றர் புரொனோவொஸ்ற் என்ற வைத்தியர் முயன்று பார்த்தார். தீவிர சிகிச்சைப் பிரிவில் இரத்தக் குழாயினுட் குழாய் செலுத்தும் வைத்தியர் ஒரு படியைத் தவறவிட்டால், அவரைத் தடுத்து நிறுத்தும் உரிமை தாதிக்கு வழங்கப்பட்டது. மிச்சிக்கன் மாநிலத்தின் வைத்தியசாலைகளில் இம்முறை கையாளப்பட்டபோது இரத்தத் தொற்று வெகுவாகக் குறைந்ததை 2006இல் வெளியான ஆய்வு காட்டியது. தடுக்கப்பட்ட வைத்தியர் தண்டிக்கப்படவில்லை. கையைக் கழுவிவிட்டுத் தொடர்ந்தார். தீங்கு நிகழ்ந்தபின் பழியைப் பங்கிடுவதைவிட, நிகழுமுன் சொல்லும் உரிமையைப் பங்கிடுவது கூடுதலாகப் பயன் தந்தது.

சில நாடுகளில் இவ்வுரிமை நோயாளருக்கும் நீட்டப்பட்டுள்ளது. என்னைத் தொடுமுன் கைகழுவினீர்களா என வைத்தியரைக் கேட்கும்படி நோயாளர் ஊக்குவிக்கப்படுகின்றனர். கொள்கையளவில் இது மறுக்கவியலாதது, உடல் அவருடையது. ஆயின் தோட்டத்திலிருந்தோ தீவுப்பகுதியிலிருந்தோ வந்து, சேட்டின் மேற்பொத்தானைப் பூட்டிக்கொண்டு, ஐயா என்றன்றி வேறு சொல்லறியாது கட்டிலின் விளிம்பிற் கூனிக்குறுகி அமர்ந்திருக்கும் முதியவர் அக்கேள்வியை எப்படிக் கேட்பார்? வியன்னாவின் பெண்கள் அழுதார்கள், அழத்தான் முடிந்தது. அவர் கேட்கவேண்டிய கேள்வியை அவருக்காக எவர் கேட்பது என்பது அக்கட்டிலருகே மருந்துத் தட்டுடன் நிற்கும் இளந்தாதிக்குத் தெரிந்திருக்கலாம். பின்னால் நிற்கும் மருத்துவ மாணவருக்கும் தெரிந்திருக்கலாம். வைத்தியர் அதற்குள் போர்வையை விலக்கிக் கையை நீட்டிவிடுகிறார்.